மூன்று துறைகளும் இரண்டு ஆண்டுகளும்: ஒரு செவ்வியல் முதுகலைப் படிப்பின் மதிப்புரை

'செவ்வியல் மொழிகள், நாகரிகம், தொல்லியல்' என்பது நான் அண்மையில் முடித்த இரண்டாண்டு முதுகலைப் படிப்பின் பெயர். இங்கே செவ்வியல் என்பது கிரேக்கத்தையும் இலத்தீனையும் அவை வழங்கிய பழைய மத்தியதரைக்கடல் உலகையும் மட்டுமே குறிக்கும். தமிழையும் சமற்கிருதத்தையும் சீனத்தையும் செம்மொழி என்று சொல்லிப் பழகிய காதுக்கு அந்தச் சுருக்கம் சற்று உறுத்தினாலும், துறையின் நெடுநாள் வழக்கு அதுவே. படிப்பை நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லவிருக்கும் குறைகளில் பல, இதே அமைப்பில் நடக்கும் எந்தப் படிப்பில் சேர்பவரும் எதிர்கொள்ளக்கூடியவை, நிறைகளும் அப்படியே.

சேர்க்கைக் குறிப்பேட்டில் மூன்று துறைகளும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருந்தன. கால அட்டவணை கைக்கு வந்த பிறகுதான் அவற்றுக்கு நடுவிலுள்ள காற்புள்ளிகளின் கனம் தெரிந்தது. மொழி வகுப்புகள் ஒரு கட்டடத்தில், தொல்லியல் வகுப்புகள் இன்னொரு கட்டடத்தில், நாகரிக வரலாறு இளங்கலை மாணவர்களும் கூடும் பெரிய அரங்கில் என்று மூன்றும் தனித்தனியே நடந்தன. மூன்றையும் இணைத்துப் பார்க்கும் வேலை முழுக்க முழுக்க மாணவரின் தலையில் விடப்பட்டிருந்தது. நான்கு பருவங்களில் மூன்றும் உண்மையிலேயே ஒன்றையொன்று தொட்டது கல்வெட்டியல் என்னும் ஒரே பாடத்தில்தான். அந்த ஒரு பாடத்துக்காகவே இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பேன். அதைச் சென்றடையும் முன் கடக்க வேண்டியவற்றைப் பற்றி எச்சரிக்கவும் செய்வேன்.

முதலில் மொழி. சேரும்போது இரண்டு மொழிகளில் ஒன்றிலாவது இடைநிலைத் தேர்ச்சி வேண்டும் என்று விதி சொல்கிறது. நான் இலத்தீன் ஓரளவு கற்று, கிரேக்கம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் சேர்ந்தேன். முதற்பருவத்திலேயே கிரேக்க உரைநடையில் ஒரு வகுப்புக்கு 60 வரிகள் ஆயத்தம் செய்து வர வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு வரிக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு என் முதல் மூன்று மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தொடக்கநிலைக் கிரேக்கத்தைத் துறை கற்பிக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு மதிப்பெண் அலகு கிடையாது. மற்ற வகுப்புகளின் சுமையும் அதற்காகக் குறைவதில்லை. மொழியே தெரியாமல் வருபவர்களுக்கென்று பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டு ஆயத்தப் படிப்புகள் சில இடங்களில் தனியே நடப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஓராண்டை வீண் என்று நினைத்துத் தாண்டி வருபவர், அதைவிடக் கூடுதலான காலத்தை உள்ளே வந்து செலவழிப்பார்.

இலக்கணத்தைப் பொறுத்தவரை, தமிழ் இலக்கணத்தைப் பள்ளியில் ஒழுங்காகப் படித்தவர் வெறுங்கையோடு போவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வேற்றுமை என்றால் என்ன என்று என் வகுப்புத் தோழர்கள் சிலர் இரண்டு வாரம் திணறியபோது, எட்டு வேற்றுமை அறிந்த எனக்குக் கிரேக்கத்தின் ஐந்தும் இலத்தீனின் ஆறும் அச்சம் தரவில்லை. (அச்சம் பிறகு வந்தது: தமிழில் எல்லாப் பெயருக்கும் ஒரே உருபுதான், இலத்தீனிலோ வேற்றுமையும் எண்ணும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிடுவதோடு, ஐந்து வகைப் பெயர்களுக்கு ஐந்து வகையாக மாறவும் செய்யும்.) கிரேக்க உரைநடையில் எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்து, கடைசியில் ஒரு முற்றில் முடியும் நீண்ட தொடர்கள், 'எழுந்து, கண்டு, அழைத்து, சொன்னான்' என்று பேசுபவருக்கு இயல்பாகவே படும். முதன்மைத் தொடரோடு ஒட்டாமல், எழுவாயையும் எச்சத்தையும் கிரேக்கர் ஆறாம் வேற்றுமையிலும் உரோமர் நீங்கல் வேற்றுமையிலும் நிறுத்தும் அமைப்பைப் பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. 'மழை பெய்ய, படை திரும்பியது' என்பதில் வரும் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் செய்யும் வேலைதான் அது என்று கண்டுகொண்ட மாலையில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அதேபோலத்தான் கிரேக்க வினையின் நடுப்பாங்கும். செய்வினையும் செயப்பாட்டு வினையும் அல்லாத, செய்பவரையே வந்து சேரும் வினையை அது குறிக்கும்: 'லூஓ' என்றால் பிறரைக் குளிப்பாட்டுகிறேன், 'லூஓமாய்' என்றால் நானே குளிக்கிறேன். 'எடுத்தான்' என்பதற்கும் 'எடுத்துக்கொண்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாக்கிலேயே வைத்திருப்பவருக்கு இதில் பாதிக் கடினம் குறையும். தொடரின் முதற்சொல்லை அடுத்து வரும் 'மென்', 'தெ' என்னும் இடைச்சொற்களை 'ஒருபுறம், மறுபுறம்' என்று மொழிபெயர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 'அவனோ போனான், இவனோ இருந்தான்' என்பதில் வரும் ஓகாரமே போதும் என்று என் ஏட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் யாப்பில் தமிழே என்னைக் கவிழ்த்தது. தனிக்குறிலும் நெடிலும் ஒற்றடுத்த குறிலும் நமக்கு நேரசையே. இலத்தீனிலும் கிரேக்கத்திலும் தனிக்குறில் இலேசானது, மற்ற இரண்டும் கனமானவை. ஆறு சீர்க் காப்பிய அடியை அலகிடும்போது நான் பல வாரம் கனத்தையும் இலேசையும் ஒன்றாக்கி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திருத்திய ஆசிரியருக்கு நான் ஏன் அப்படிச் செய்கிறேன் என்பது கடைசிவரை விளங்கவில்லை.

மொழி வகுப்புகளைப் பற்றிய என் முதன்மையான குறை அவை மிகையாக எதிர்பார்க்கின்றன என்பதன்று. நூல்களை நூல்களாக மட்டுமே படிக்கின்றன என்பதே. பத்தாயிரம் வரிகளை முடித்தாலும், அந்த வரிகள் எதன்மேல் எழுதப்பட்டிருந்தன, எப்படி நம்மிடம் வந்தன என்னும் கேள்வி எழாமலே ஒரு பருவத்தைக் கடந்துவிடலாம். இதற்கு விலக்கு, இரண்டாம் பருவத்தில் நடந்த மூலபாட ஆய்வு. அச்சிட்ட பதிப்பின் அடியில் இலத்தீனில் சுருக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கும் பாடவேறுபாட்டுக் குறிப்புகளைப் படிப்பது எப்படி, பிழைகளின் ஒற்றுமையைக் கொண்டு எந்தச் சுவடி எந்தச் சுவடியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்று வம்சாவளி வரைவது எப்படி, இரண்டு பாடங்களில் கடினமானதே மூலத்துக்கு நெருங்கியதாக இருக்கும் என்னும் பழைய விதி எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பதையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் பிரதிபேதங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. கத்துல்லுசு என்னும் உரோமக் கவிஞரின் பாடல்கள், ஒன்றே ஒன்று நீங்கலாக, வெரோனா நகரில் கிடைத்துப் பிறகு தொலைந்துபோன ஒரே சுவடியின் படிகள் வழியாகத்தான் பிழைத்தன என்று கேட்ட பிறகு, அச்சில் இருக்கும் எந்த வரியையும் பழைய நம்பிக்கையோடு படிக்க முடிவதில்லை.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். 1843 இல் முதலில் வெளிவந்து, 1940 இல் ஒன்பதாம் பதிப்பு நிறைவடைந்த ஆக்ஸ்போர்டு கிரேக்கப் பேரகராதிதான் இன்றும் துறையின் மேசையில் கிடக்கிறது. அதன் விளக்கங்களின் ஆங்கிலம் பல இடங்களில் விக்டோரியா காலத்தது. கிரேக்கச் சொல்லைத் தேடிப் போய், கிடைத்த ஆங்கிலச் சொல்லுக்கு வேறோர் அகராதியைத் திறந்த நாட்கள் உண்டு. 2021 இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட இரண்டு தொகுதி அகராதி இந்தத் தொல்லையைப் பெரிதும் நீக்குகிறது. கூச்சத்தால் மழுப்பப்பட்டிருந்த சொற்களுக்கும் அதில் நேரான பொருள் கிடைக்கும். கலிபோர்னியாவில் 1972 இல் தொடங்கிய கிரேக்க நூற்களஞ்சியத்துக்குத் துறை சந்தா கட்டியிருக்கிறது. பெர்சியஸ் மின்னூலகம் எவருக்கும் இலவசம். அதில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் வேற்றுமையும் எண்ணும் காலமும் பிரித்துக் காட்டப்படும். இந்த வசதியை முதலாண்டில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆசிரியர்கள் கெஞ்சினார்கள். கேளாமல் பயன்படுத்தினேன், பருவத் தேர்வில் முன்பின் காணாத பத்தியைக் கையில் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னபோது அதற்கான விலையையும் கொடுத்தேன்.

கிரேக்கமும் இலத்தீனும் போதாதென்று ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வாசிப்புத் தேர்வு உண்டு. இது வெறும் சடங்கு என்று சேரும்போது நினைத்தேன். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து துறையின் கலைக்களஞ்சியங்களும் அகழாய்வு அறிக்கைகளும் பெருமளவில் அந்த மொழிகளில்தான் எழுதப்பட்டன, இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை என்பது ஆய்வேடு எழுதத் தொடங்கிய பிறகு தெரிந்தது. தேர்வு எளிது, அகராதியோடு இரண்டு மணி நேரம்.

நாகரிகப் பாடங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கி.மு. 5 ஆம் நூற்றாண்டு ஏதென்சும் கி.மு. 1 ஆம் நூற்றாண்டு உரோமும் பாடத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. நடுவிலுள்ள மூன்று நூற்றாண்டுகளின் அலெக்சாந்திரியா, பெர்காமோன், பாக்திரியா எல்லாம் மூன்று வாரங்களில் முடிந்தன. விரிவுரை, படக்காட்சி, கட்டுரை என்பதற்கு மேல் எதுவும் நிகழவில்லை. இதையெல்லாம் நல்ல நூலகத்தில் ஒரு கோடை உட்கார்ந்தால் தானாகவே கற்றுக்கொள்ளலாம்.

தொல்லியலுக்கு வருகிறேன். வகுப்பறைத் தொல்லியல் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருந்தது. அதற்குக் காரணம், துறையின் கற்பித்தல் தொகுப்பிலுள்ள பானையோடுகளை உண்மையிலேயே கையில் கொடுத்ததுதான். ஏதென்சின் கரும்பாண்டமும் செம்பாண்டமும் ஒரே களிமண்ணும் ஒரே சூளையும் தந்தவை. காற்றை விட்டும் அடைத்தும் மீண்டும் விட்டும் மூன்று கட்டமாகச் சுடும்போது, இரும்புச் சத்துள்ள மென்குழம்பு பூசிய இடம் கறுத்து இறுகி அப்படியே நிற்க, பூசாத உடல் மறுபடி சிவந்துவிடுகிறது. இதைப் படத்தில் பார்ப்பதும், உடைந்த விளிம்பின் குறுக்குவெட்டைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. பானை ஓடுகளின் பாணியை வைத்து ஏன் இவ்வளவு நுணுக்கமாகக் காலம் கணிக்கிறார்கள், கரிமக் காலக்கணிப்பு இருக்கிறதே என்று நான் கேட்டேன். கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்துக்குக் கரிம அளவீட்டின் திருத்தக் கோடு ஏறத்தாழத் தட்டையாகப் போய்விடுவதால், ஒரு மாதிரி அந்த நானூறு ஆண்டுகளில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். கிரேக்க வரலாற்றின் மையமான பகுதியே அந்த மேட்டில்தான் சிக்கியிருக்கிறது. அப்போது ஓர் உடைந்த கிண்ணத்தின் விளிம்பு, ஆய்வகத்தைவிடக் கூர்மையான கடிகாரமாகிவிடுகிறது.

கள்ளச் சந்தைப் பொருள்கள் பற்றிய இரண்டு வகுப்புகளையும் குறிப்பிட வேண்டும். யூப்ரோனியோசு என்னும் ஓவியர் தீட்டிய, மதுவையும் நீரையும் கலக்கும் பாண்டம் ஒன்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972 இல் பத்து இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியதும், அது இத்தாலியக் கல்லறையொன்றிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டப்பட்டது என்று தெரியவந்து, 2008 இல் இத்தாலிக்குத் திரும்பியதும் துறையில் எல்லோரும் அறிந்த கதை. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெசுகோ உடன்படிக்கை 1970 இல் வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஆண்டுகளைப் பாருங்கள். பாண்டம் திரும்பிவிட்டது, அது எந்தக் கல்லறையில், எந்தப் பொருள்களுக்கு நடுவே, யாருடைய எலும்புகளுக்கு அருகே இருந்தது என்ற செய்தி திரும்பவில்லை. 'சூழல்' என்ற சொல்லைத் தொல்லியலார் ஏன் அடிக்கடி சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோடைகால அகழாய்வு ஆறு வாரம், அது கட்டாயம். குறிப்பேடு இதைப் படிப்பின் மணிமுடியாக வருணிக்கிறது. என் அனுபவத்தில் அது அரைகுறையாகவே அமைந்தது. மண்ணைக் கரணையால் சுரண்டி அடுக்கு மாறுவதை நிறத்தாலும் ஒலியாலும் உணர்வது, மன்செல் வண்ண அட்டையோடு ஈரமண்ணை ஒப்பிட்டு எண் எழுதுவது, அலகுப் படிவம் நிரப்புவது, எட்வர்ட் ஹாரிஸ் 1973 இல் வகுத்த கட்ட வரைபடத்தில் எது எதற்கு முந்தியது என்று கோடிழுப்பது ஆகியவற்றை முதல் இரண்டு வாரத்தில் நன்றாகவே கற்றோம். மீதி நான்கு வாரம் மண் சுமந்தோம். பானையோடுகளைக் கழுவினோம், காயவைத்தோம், பையிலிட்டு எண் எழுதினோம். உழைப்பைக் குறை சொல்லவில்லை. உழைத்ததன் பொருளை மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரமில்லை என்பதே என் வருத்தம். எங்கள் குழியில் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடு ஒன்றை மொழி மாணவரான எங்களிடம் காட்டாமலே நிபுணருக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஓட்டின் மனக்குறையோடுதான் மூன்றாம் பருவத்தில் கல்வெட்டியல் வகுப்புக்குப் போனேன். ஒன்பது பேர், ஒரு நீள மேசை, மேசைமேல் ஈரத்தாள் படிகள். நம் கல்வெட்டாய்வாளர்கள் எடுக்கும் மசிப்படியைப் போலன்றி இதில் மசி இல்லை. தடித்த தாளை நனைத்துக் கல்லின்மேல் விரித்துத் தூரிகையால் அடித்து, காய்ந்தபின் உரித்தெடுத்தால், எழுத்துகள் தாளின் பின்புறத்தில் இடவலம் மாறிப் புடைத்து நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கல்லில் கண்ணுக்குத் தப்பிய கீறல்கூட நிழலாக எழும்பி வரும். முதல் நாள் எங்களுக்குக் கிடைத்த வேலை, எந்த அகராதியும் இல்லாமல் பார்ப்பதை மட்டும் எழுதுவது. தெரிவதை எழுதுவதற்கும் தெரிந்ததாக நினைப்பதை எழுதுவதற்கும் உள்ள தூரம் அன்று வெட்கத்தோடு விளங்கியது.

1931 இல் லெய்டன் நகரில் வகுக்கப்பட்ட குறியீட்டு விதிகள் இந்த நேர்மையைத்தான் அச்சில் கட்டாயமாக்குகின்றன. அழிந்துபோய்ப் பதிப்பாசிரியர் இட்டு நிரப்பிய எழுத்து சதுர அடைப்புக்குள் வர வேண்டும். அரைகுறையாகத் தெரிவதன்கீழ் புள்ளி வைக்க வேண்டும். கல்தச்சன் விட்டுவிட்டதை ஆசிரியர் சேர்த்தால் அதற்குக் கூரடைப்பு. பழங்காலத்திலேயே வேண்டுமென்று செதுக்கி அழிக்கப்பட்டதற்கு இரட்டைச் சதுர அடைப்பு. மூன்று ஆண்டு பழகிய ஒரு வரலாற்று மேற்கோளின் முக்கியமான சொல் முழுவதும் சதுர அடைப்புக்குள் இருப்பதை ஒருநாள் கண்டேன். அந்தச் சொல்லைக் கல் சொல்லவில்லை. 19 ஆம் நூற்றாண்டுப் பேராசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். ஏதென்சின் அரசாணைகள் பல, கட்டம் போட்டதுபோல ஒவ்வோர் எழுத்தும் மேல்வரி எழுத்தின் நேர்கீழே வருமாறு வெட்டப்பட்டிருப்பதால், உடைந்த வரியில் எத்தனை எழுத்துகள் போயின என்று எண்ணிவிடலாம். ஆகவே நிரப்பும் சொல் இலக்கணத்துக்கும் பொருந்த வேண்டும், கல்லின் அகலத்துக்கும் பொருந்த வேண்டும். மொழி வகுப்பும் தொல்லியல் வகுப்பும் ஒரே வரியில் சந்தித்த முதல் இடம் இது.

நான்கு வாரங்களை நாங்கள் எகெசுதா ஆணைக்குக் கொடுத்தோம். சிசிலித் தீவின் எகெசுதா நகரோடு ஏதென்சு செய்துகொண்ட உடன்படிக்கை அது. கல் மிகவும் தேய்ந்தது. ஆண்டைக் குறிக்கும் ஆட்சியரின் பெயரில் கடைசி எழுத்துகள் மட்டுமே ஐயமின்றித் தெரிந்தன. ஹாப்ரோன் என்றால் கி.மு. 458/7 (ஏதென்சின் ஓர் ஆண்டு நம் கணக்கில் இரண்டு ஆண்டுகளைத் தொடும்), அரிசுதோன் என்றால் 454/3, ஆந்திபோன் என்றால் 418/7. எழுத்தமைதியைக் கொண்டு முடிவு செய்வதற்கு ஒரு விதி இருந்தது: மூன்று கோடுகளால் எழுதப்படும் சிக்மா என்னும் சகர எழுத்து, 446 ஐ ஒட்டி ஏதென்சின் அரசாணைகளில் வழக்கொழிந்து, நான்கு கோட்டுச் சிக்மா நிலைத்தது என்பது அந்த விதி. இந்தக் கல்லில் இருப்பது மூன்று கோட்டுச் சிக்மா. எனவே 418/7 ஆக இருக்க முடியாது என்று பெரும்பாலோர் நம்பினர். ஹரால்ட் மாட்டிங்லி என்னும் அறிஞர் 1961 முதல் அந்த விதியையே கேள்வி கேட்டு, நெடுங்காலம் தனியாளாக நின்றார். 1990 இல் லேசர் ஒளியின் துணையோடு கல்லை ஆராய்ந்தவர்கள் அங்கிருப்பது ஆந்திபோனின் பெயரே என்று வெளியிட்டனர். இன்று பெரும்பாலோர் அதை ஏற்கின்றனர்.

ஓர் எழுத்தில் ஒரு கோடு கூடியதா குறைந்ததா என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 418/7 என்றால், 415 இல் ஏதென்சு சிசிலிமேல் படையெடுத்து அழிவைத் தேடிக்கொண்டதற்கு முன்பு, எந்த நட்பின் பெயரைச் சொல்லிப் படை புறப்பட்டதோ அந்த நட்பு அப்போதுதான் உறுதி செய்யப்பட்டிருந்தது என்று ஆகிறது. அதோடு நிற்கவில்லை. சிக்மா விதி விழுந்தால், அதே விதியை நம்பிக் காலம் கணித்த பிற ஆணைகளும் ஆடிப்போகின்றன. நேசநாடுகளிடம் ஏதென்சு கெடுபிடி காட்டியதற்குச் சான்றாக நிற்கும் சில கல்வெட்டுகள் ஏதென்சின் பெருந்தலைவர் பெரிக்ளீசின் காலத்தைச் சேர்ந்தவையா, 429 இல் அவர் இறந்தபின் வந்தவர்களின் காலத்தைச் சேர்ந்தவையா என்பது அதைப் பொறுத்தது. நாகரிக வகுப்பில் இரண்டு படத்தில் கடந்துபோன 'ஏதென்சுப் பேரரசு' என்னும் தலைப்பு, இங்கே தேய்ந்த கல்லில் ஒரு கீறலைச் சுற்றி உயிரோடு சுழன்றது. வாரக்கணக்கில் வாதிட்டோம். ஒரு தோழி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. லேசர் படத்திலும் தனக்குப் புள்ளிகள்தான் தெரிகின்றன என்றார். ஆசிரியர் அவருக்கே அதிக மதிப்பெண் கொடுத்தார்.

இன்னொரு வாரம் ஏதென்சு அக்ரோபோலிசின் வடசரிவில் ஒரு கிணற்றில் கிடைத்த ஓடுகளைப் பார்த்தோம். மக்கள் வாக்களித்து ஒருவரைப் பத்தாண்டு நாடு கடத்தும் முறையில், பெயரைப் பானையோட்டில் கீறிப் போடுவார்கள். அந்தக் கிணற்றில் ஏதென்சின் தலைவர்களில் ஒருவரான தெமிசுதோக்லீசின் பெயர் கீறிய 190 ஓடுகள் இருந்தன. கையெழுத்தை ஒப்பிட்டால் அவற்றை எழுதியவர்கள் 14 பேர் மட்டுமே. யாரோ முன்கூட்டியே எழுதிக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டின் வகையும் எழுத்தின் கையும் கிணற்றின் அடுக்கும் சேராமல், மக்களாட்சியின் பிறப்பிடத்தில் நடந்த இந்தச் சிறு வேலை வெளியே வந்திருக்காது.

துறைகள் பிறப்பிலேயே பிரிந்தவை அல்ல என்பதும் அந்த வகுப்பில்தான் தெரிந்தது. தொல்லியல் மாணவர் மனப்பாடம் செய்யும் உரோமச் சாடிகளின் வகைப்பட்டியலை ஹைன்ரிக் டிரெசல் 1899 இல் வெளியிட்டது, இலத்தீன் கல்வெட்டுத் தொகுதியின் ஒரு பகுதியாகத்தான். எண்ணெய்ச் சாடிகள் உடைந்து குவிந்து 35 மீட்டர் உயர்ந்த உரோமின் தெசுதாச்சியோ மேட்டில் அவர் தேடியது சாடிகளின்மேல் மையால் எழுதியிருந்த எடைகளையும் வணிகர் பெயர்களையும். எழுத்தைத் தேடியவர் சாடியின் வடிவத்தையும் வரைந்து வைத்தார். அவருக்கு இயன்றது எங்கள் கால அட்டவணைக்கு ஏன் இயலவில்லை என்பதே என் கேள்வி.

பாப்பிரசு என்னும் நாணல்தாளில் எழுதிய சுவடிகளுக்கு இரண்டே வாரம். அதில் வியன்னாவில் உள்ள முசிறிச் சுவடி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 1985 இல் பதிப்பிக்கப்பட்ட, கி.பி. 2 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அந்தக் கிரேக்க ஆவணம், ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்தோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தத்தையும், மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பையும் தருகிறது. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல் சொல்கிறது என்று நான் குறிப்பிட்டபோது வகுப்பு வியந்தது. ஆனால் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. மத்தியதரைக்கடலிலிருந்து கிழக்கே பார்க்கும் பார்வை மட்டுமே இங்கே உண்டு, எதிர்த்திசையிலிருந்து வரும் பார்வை இல்லை. இது ஒரு பெரிய குறை, எளிதில் தீர்க்கக்கூடியதும்கூட.

ஆய்வேட்டு வழிகாட்டல் நன்று. மாதம் இருமுறை சந்திப்பு, எழுதிய பக்கங்களுக்கு வாரத்துக்குள் திருத்தம். வேலைவாய்ப்பைப் பற்றித் துறை வெளிப்படையாகப் பேசியதைப் பாராட்டுகிறேன்: ஆசிரியப் பணியிடங்கள் குறைவு, முனைவர் பட்டம் முடித்தவர்களே காத்திருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

ஒரு மொழியில் உறுதியும் மற்றதில் அடிப்படையும் உள்ளவர், நூலையும் பொருளையும் சேர்த்துப் படிக்கும் ஆசை உள்ளவர் தாராளமாகச் சேரலாம். இரண்டு மொழிகளையும் இங்கேயே தொடங்கலாம் என்று எண்ணுபவர் ஓராண்டு பொறுக்கலாம். அகழாய்வு மட்டுமே ஆசையென்றால், தனித் தொல்லியல் படிப்பே மேல். இங்கே கரணையைவிட அகராதியைத்தான் அதிகம் தூக்க வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்கு இப்போது மூன்றாகக் குறைந்துவிட்டன. கல்வெட்டியல் ஆண்டுதோறும் நடக்கிறதா, அல்லது ஆசிரியர் விடுப்பில் போனால் நின்றுவிடுமா? அகழாய்வில் கிடைக்கும் எழுத்துகளை மொழி மாணவர்களுக்குக் காட்டுவார்களா? மூன்றாவதைக் கேட்க வேண்டியதில்லை, ஒரு வகுப்பில் பார்வையாளராக உட்கார அனுமதி வாங்கிக்கொண்டு, மேசைமேல் நூல்களோடு வேறு ஏதாவது பொருளும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.